ஆளில்லாக் காட்டில் பொதுக் குடில்: பதிவு செய்வதிலிருந்து கதவைச் சாத்தும்வரை

பனி படிந்த கூரை, புகைபோக்கியில் மெல்லிய புகை, ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம். காட்டுக் குடிலின் படம் என்றால் எல்லோரும் இதைத்தான் போடுகிறார்கள். அந்தப் புகைக்காக ஒருவர் ஒரு மணி நேரம் விறகு பிளந்தார், தேநீருக்கான தண்ணீரைச் சரிவில் இறங்கி வாளியில் தூக்கி வந்தார், ராத்திரி மழையில் கழிப்பறைக்கு டார்ச்சோடு நடந்தார் என்பதெல்லாம் படத்தில் வராது. நானும் முதல்முறை படத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பியவன்தான்.

இங்கே நான் எழுதுவது பொதுக் குடில்களைப் பற்றி. அரசுத் துறையோ மலைநடைச் சங்கமோ பராமரிக்கும். யார் வேண்டுமானாலும் தங்கலாம். ஆனால் வரவேற்க ஆள் இல்லை, மின்சாரம் இல்லை, குழாய் இல்லை. நாலு சுவர், கூரை, படுக்கப் பலகை, அதிர்ஷ்டம் இருந்தால் ஓர் இரும்பு அடுப்பு. இதற்குத் தயாராவதில் எனக்குத் தெரிந்து ஒரே விதிதான்: அங்கே குடிலே இல்லை என்று நினைத்துக்கொண்டு பையைக் கட்டுங்கள். மற்றதெல்லாம் அந்த விதியின் விளக்கம்.

1. எந்த மாதிரிக் குடில் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

'குடில்' என்ற ஒரே சொல்லுக்குள் ஊருக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. அதைத் தெரியாமல் போனால் பூட்டிய கதவின் முன்னால் நிற்க நேரிடும்.

அமெரிக்காவின் அலாஸ்காவில் டோங்காஸ், சுகாச் தேசியக் காடுகளில் வனத்துறைக் குடில்கள் இருக்கின்றன. முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்து கட்டணம் கட்டவேண்டும். பதிவு செய்த இரவுகளில் குடில் உங்கள் குழுவுக்கு மட்டும். இவற்றில் பலவற்றுக்குச் சாலையே கிடையாது. படகு, அல்லது ஏரியில் இறங்கும் மிதவை விமானம்.

நியூசிலாந்தில் இயற்கைப் பாதுகாப்புத் துறை 950-க்கும் மேற்பட்ட குடில்களைப் பராமரிக்கிறது. சில பிரபலமான தடங்களில் படுக்கையைப் பதிவு செய்தே ஆகவேண்டும். மற்ற பெரும்பாலானவற்றில் டிக்கெட்டோ பாஸோ முன்பே வாங்கிக்கொண்டு போகலாம். ஆனால் முதலில் வந்தவருக்குத்தான் படுக்கை.

நார்வேயில் 1868-இல் தொடங்கிய மலைநடைச் சங்கம் மூன்று வகைக் குடில்களை நடத்துகிறது: பணியாளர் இருப்பவை, உணவுப் பொருட்கள் மட்டும் வைத்திருப்பவை, எதுவும் இல்லாதவை. நடு வகை எனக்குப் பிடித்தது. அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்துச் சமைத்துவிட்டு, எடுத்ததை நீங்களே எழுதி நீங்களே பணம் கட்டவேண்டும். கணக்குக் கேட்க ஒருவரும் இல்லை. பூட்டியிருக்கும் குடில்களுக்குச் சங்க உறுப்பினர்களுக்கென்று பொதுவான ஒரு சாவி உண்டு. சாவி வாங்காமல் மலை ஏறினால் இறங்கத்தான் வேண்டும்.

பின்லாந்தின் திறந்த குடில்களுக்குப் பூட்டும் இல்லை, கட்டணமும் இல்லை. ஓரிரு இரவுகள் தங்கலாம். அங்கே நியாயம் தலைகீழ்: கடைசியாக வந்தவருக்குத்தான் முதல் உரிமை. நீங்கள் நேற்றே வந்து இளைப்பாறிவிட்டீர்கள், அவர் இப்போதுதான் நனைந்து வருகிறார், இடமில்லையென்றால் கிளம்பவேண்டியவர் நீங்கள்.

ஸ்காட்லாந்தில் 1965-இல் தொடங்கிய தன்னார்வச் சங்கம் ஒன்று சுமார் நூறு பழைய கல்வீடுகளைப் பார்த்துக்கொள்கிறது. அவற்றை 'பாத்தி' என்பார்கள். இலவசம், பதிவு கிடையாது. ஆறு பேரோ அதற்கு மேலோ கூட்டமாகப் போகக்கூடாது. பலவற்றில் கழிப்பறையே இல்லை. மூலையில் ஒரு மண்வெட்டி சாய்ந்திருக்கும். எதற்கென்று சொல்லவேண்டியதில்லை.

பதிவுப் பக்கத்தைப் படிக்கும்போது என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்று தேடுங்கள். அடுப்பு விறகில் எரிவதா, எண்ணெயில் எரிவதா? எண்ணெய் என்றால் எந்த எண்ணெய், யார் கொண்டுவரவேண்டும்? தவறான எரிபொருளை ஊற்றினால் குடிலே எரிந்துபோகும். விறகு அடுக்கி வைத்திருப்பார்களா, விழுந்த மரத்தை நீங்கள் அறுக்கவேண்டுமா? தண்ணீர் எவ்வளவு தூரம்? மெத்தை உண்டா, வெறும் பலகையா?

2. போய்ச் சேரும் நேரத்தைக் கணக்கிடுங்கள்

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் பயன்படுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறவேண்டிய ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். 10 கிலோமீட்டர் தூரம், 600 மீட்டர் ஏற்றம் என்றால் மூன்று மணி நேரம். இது நல்ல பாதையில், லேசான சுமையோடு, நிற்காமல் நடப்பவருக்கு. முதுகில் 15 கிலோவும், சேறும், ஒற்றைக் கட்டைப் பாலமும் இருந்தால் அதில் பாதியைக் கூட்டிக்கொள்வேன்.

இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவாவது குடிலில் இருக்கவேண்டும். நடப்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. தண்ணீர் எங்கே, விறகு எங்கே, கழிப்பறைப் பாதை எந்தப் பக்கம் என்று பார்ப்பதற்கு வெளிச்சம் வேண்டும்.

படகிலோ சிறு விமானத்திலோ போகிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் வைக்கவேண்டும்: மூடுபனி இறங்கினால் விமானம் வராது. நாளைக்கும் வராமல் இருக்கலாம். ஆகவே திட்டமிட்ட நாட்களுக்கு மேல் இரண்டு நாள் சாப்பாடு கட்டாயம். திரும்பும் மறுநாளே முக்கியமான வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். அவசரம் உள்ளவர்தான் வெள்ளம் வடியாத ஆற்றில் இறங்குவார்.

3. ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்

எந்தப் பாதை, எந்தக் குடில், எத்தனை பேர், எப்போது திரும்புவீர்கள், எந்த நேரத்துக்குள் தகவல் வராவிட்டால் யாரை அழைக்கவேண்டும். கடைசி விஷயம்தான் பலர் விட்டுவிடுவது. 'ஞாயிறு வந்துவிடுவேன்' என்று சொன்னால், ஞாயிறு இரவு பத்து மணிக்கு அந்த நண்பருக்கு என்ன செய்வதென்று தெரியாது. 'திங்கள் காலை எட்டு மணிவரை தகவல் இல்லையென்றால் இந்த எண்ணுக்குக் கூப்பிடு' என்று தாளில் எழுதிக் கொடுங்கள்.

கைபேசிக்கு அங்கே சிக்னல் இருக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மீட்புக் குழுவுக்குக் குறி அனுப்பும் அவசரக் கருவிக்கு மாதச் சந்தா இல்லை. ஆனால் வாங்கியதும் பதிவு செய்யவேண்டும், அதோடு அது 'ஆபத்து' என்ற ஒரே செய்தியைத்தான் அனுப்பும். செயற்கைக்கோள் வழியே குறுஞ்செய்தி அனுப்பும் கருவிக்குச் சந்தா உண்டு. 'கால் சுளுக்கு, ஒரு நாள் தாமதம், பயமில்லை' என்று அதில் சொல்லலாம். தேடுதல் குழுவை வீணாக அலைய விடாமல் இருப்பதற்கே அந்தச் சந்தா தகும் என்பது என் எண்ணம்.

4. பை

பெரிய பட்டியல் போடப்போவதில்லை. மறந்தால் நிஜமாகவே மாட்டிக்கொள்ளும் பொருட்கள் மட்டும்:

- குடிலுக்கு வெளியே படுத்தாலும் தாங்கும் ஸ்லீப்பிங் பேக், அடியில் விரிக்கும் பாய்
- சொந்தச் சமையல் அடுப்பு, எரிபொருள், ஒரு பாத்திரம்
- தலையில் மாட்டும் விளக்கு, உபரி பேட்டரி
- லைட்டர் இரண்டு, நனையாத பையில் தீப்பெட்டி, பற்றவைக்க ஏதாவது
- தண்ணீரைச் சுத்திகரிக்க ஒன்றுக்கு இரண்டு வழி
- காகித வரைபடம், திசைகாட்டி
- பேட்டரியில் ஓடும் சிறிய கார்பன் மோனாக்சைடு அலாரம்
- கழிப்பறைக் காகிதம், குப்பையைத் திரும்பக் கொண்டுவர உறுதியான பை
- குடிலுக்குள் போட லேசான செருப்பு, காதடைப்பான்

காதடைப்பானைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். ஆறு பேர் படுக்கும் பலகையில் ஐந்தாவது ஆளின் குறட்டை கூரையை அசைக்கும்.

விமானத்தில் பறந்துபோய் நடக்கிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. சமையல் வாயுக் குப்பியும் கரடி ஸ்பிரேயும் (பாயவரும் கரடியை விரட்ட அடிக்கும் காரமான ஸ்பிரே) பயணிகள் விமானத்தில் கையிலும் அனுமதியில்லை, பெட்டியிலும் இல்லை. போய் இறங்கிய ஊரில் வாங்குவதற்கென்று அரை நாள் ஒதுக்குங்கள். பழைய அடுப்பில் எண்ணெய் வாடை வந்தால் அதையும் எடுத்து வைத்துவிடுவார்கள். சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்து எடுத்துப் போங்கள்.

உலர் உணவாக இருந்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 700 முதல் 900 கிராம் எனக்குச் சரியாக இருக்கிறது.

5. வந்ததும் முதல் அரை மணி நேரம்

பையை இறக்கியதும் படுக்கத்தான் தோன்றும். படுக்காதீர்கள்.

முதலில் குடிலை வெளியே சுற்றி வாருங்கள். புகைபோக்கி நேராக நிற்கிறதா, உச்சியில் பறவைக் கூடு இருக்கிறதா, மரம் எதுவும் கூரைமேல் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கதவையும் ஜன்னல்களையும் விரியத் திறந்துவையுங்கள். வட அமெரிக்காவில் மான் எலி எனப்படும் சிறு எலிகளின் கழிவிலிருந்து, நுரையீரலைத் தாக்கும் ஹாண்டா வைரஸ் பரவுகிறது. எலிப்புழுக்கை கிடந்தால் துடைப்பத்தைத் தொடாதீர்கள். பெருக்கினால் தூசியாகப் பறந்து மூச்சில் ஏறும். அரை மணி நேரம் காற்றோட விட்டு, ஒரு பங்கு பிளீச்சில் ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நனைத்து, ஐந்து நிமிடம் ஊறவைத்து, கையுறையோடு துணியால் துடைத்தெடுங்கள்.

அடுத்து, மேசைமேல் இருக்கும் பதிவேடு. பெயர், எங்கிருந்து வந்தீர்கள், அடுத்து எங்கே போகிறீர்கள், வானிலை எப்படி என்று எழுதுங்கள். தங்காமல் கடந்து போனாலும் எழுதுங்கள். நீங்கள் காணாமல் போனால் தேடுகிறவர்கள் முதலில் புரட்டுவது இதைத்தான். எழுதியதும் பழைய பக்கங்களையும் படியுங்கள். 'கீழ் ஓடை வற்றிவிட்டது', 'இடது மூலையில் கூரை ஒழுகுகிறது' என்று எந்த இணையத்திலும் இல்லாத செய்தி அங்கே இருக்கும்.

வெளிச்சம் இருக்கும்போதே தண்ணீர் எடுத்து, விறகு உள்ளே கொண்டுவந்து, விளக்கைக் கை எட்டும் இடத்தில் வைத்துவிட்டால், அதன்பிறகு உட்காரலாம்.

6. அடுப்பு

இதை அவசரமில்லாமல் படியுங்கள். குடில் வாழ்க்கையில் பாதி சுகமும் பெரும்பாலான ஆபத்தும் இந்த இரும்புப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன.

என் முதல் குடிலில் நெருப்பு அழகாகப் பற்றியது. இரண்டே நிமிடத்தில் புகை முழுக்க அறைக்குள் வந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மழையில் அரை மணி நேரம் நின்றேன். புகைக்குழாயின் நடுவே ஓர் அடைப்புத் தகடு இருக்கும். அதைத் திருப்ப வெளியே சிறு கைப்பிடி. கைப்பிடி குழாயோடு ஒரே திசையில் இருந்தால் வழி திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. எனக்கு முன் தங்கியவர் சாத்திவிட்டுப் போயிருந்தார். நான் பார்க்கவில்லை. இப்போதெல்லாம் தீப்பெட்டியை எடுப்பதற்கு முன்பே கை அந்தப் பிடிக்குப் போய்விடுகிறது.

தகட்டையும் கீழே உள்ள காற்றுவழியையும் முழுதாகத் திறந்துவையுங்கள். பழைய சாம்பல் நிறைந்திருந்தால் மேலாக அள்ளுங்கள், அடியில் இரண்டு விரல் கனம் இருக்கட்டும். அது தணலைக் காக்கும். அள்ளியதை உலோக வாளியில்தான் போடவேண்டும். ஆறிவிட்டது போலத் தெரியும் சாம்பலுக்குள் கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். அட்டைப் பெட்டியில் கொட்டி மரத்தளத்தில் வைப்பது குடிலைக் கொளுத்துவதற்குச் சமம்.

விறகு அடுக்குவதில் நான் 'மேலிருந்து எரிப்பது' கட்சி. அடியில் இரண்டு தடித்த கட்டைகள், அதன்மேல் குறுக்காகக் கட்டைவிரல் கனத்தில் நாலைந்து, உச்சியில் பென்சில் கனச் சுள்ளிகள், அதற்குமேல் மரப்பட்டையோ காகிதமோ. உச்சியில் பற்றவையுங்கள். தீ மெல்லக் கீழே இறங்கும். புகை குறைவு, நடுவில் திறந்து கிளறவும் வேண்டாம். குழாய் மிகவும் குளிர்ந்திருந்தால் புகை மேலே ஏறத் தயங்கும். அப்போது ஒரு தாளைச் சுருட்டிக் கொளுத்திக் குழாயின் வாய்க்குக் கீழே முதலில் பிடியுங்கள்.

சுள்ளி சீவும்போதுதான் விரல் போகிறது. ஒரு கையில் கட்டையை நிறுத்திப் பிடித்து மறுகையால் சிறுகோடாரியை ஓங்காதீர்கள். கோடாரியின் விளிம்பைக் கட்டையின் தலையில் பதியவைத்து, இரண்டையும் சேர்த்துத் தூக்கி, அடிக்கட்டைமேல் ஒரு தட்டு. பிளந்துகொள்ளும். பெரிய கட்டைக்கு, உங்களுக்கு எதிர்ப்புறமாக அடிக்கட்டையின் பின்பகுதியில் நிறுத்துங்கள். குறி தவறினால் கோடாரி காலுக்கு வராமல் அடிக்கட்டையில் இறங்கும்.

பற்றிக்கொண்டதும் எல்லோரும் செய்யும் தவறு, வயிறு முட்டத் திணிப்பது. குடில் சிறியது, அரை மணி நேரத்தில் சட்டையைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருப்பீர்கள். அந்த விறகு அடுத்தவருக்கு வேண்டும். குழாய் சிவந்து தெரிந்தால் காற்றுவழியை உடனே குறையுங்கள். கதவைத் திறக்கும்போது முதலில் ஒரு விரல் அளவு, பிறகு மெதுவாக. வெடுக்கென்று இழுத்தால் புகை முகத்தில் அடிக்கும்.

ராத்திரி முழுக்கத் தாங்கட்டும் என்று காற்றை அடைத்துவிட்டுத் தூங்குவது மிக மோசமான யோசனை. மூச்சுத்திணறிப் புகையும் விறகு குழாயின் உள்சுவரில் கரிப்பசையைப் படியவைக்கிறது. பின்னொரு நாள் குழாய்க்குள் தீப்பிடிப்பது அதனால்தான். அதைவிட, அரைகுறையாக எரியும் நெருப்பு கார்பன் மோனாக்சைடை உண்டாக்குகிறது. அதற்கு நிறமில்லை, வாடையில்லை. தலைவலி, குமட்டல், காரணமில்லாத தூக்கக் கலக்கம் என்று வரும்; களைப்பு என்றே நினைத்துக்கொள்வீர்கள். உள்ளே இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால் யோசிக்காமல் வெளியே வாருங்கள். வாயு அடுப்பில் உள்ளே சமைத்தாலும் ஜன்னல் இரண்டு விரல் திறந்திருக்கவேண்டும். கரியடுப்பை உள்ளே கொண்டுவரவே கூடாது. படுக்குமுன் நெருப்பைத் தானாக அடங்கவிட்டு, ஸ்லீப்பிங் பேக்கை நம்புங்கள். அதற்காகத்தானே சுமந்து வந்தோம்.

7. தண்ணீர்

ஓடை பளிங்குபோல இருந்தாலும் மேலே எந்த விலங்கு செத்துக் கிடக்கிறது என்று நமக்குத் தெரியாது. கூரையில் விழும் மழைநீர்த் தொட்டியும் அப்படித்தான். பறவைகள் உட்காரும் கூரை அது. கொதிக்கவைப்பதே உறுதியான வழி. நன்றாகக் குமிழியிட்டு ஒரு நிமிடம். 2000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். குளோரின் மாத்திரை கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியிடம் தோற்றுவிடும். வடிகட்டி நல்லது, ஆனால் உறைபனியில் அதன் உள்ளிழைகள் வெடித்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. குளிரான இரவில் வடிகட்டியை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டு தூங்குங்கள்.

பாத்திரம் கழுவுவதும் உடம்பு துடைப்பதும் ஓடையிலிருந்து 60 மீட்டர் தள்ளி.

8. எலியும் கரடியும்

எலி இல்லாத குடிலை நான் பார்த்ததில்லை. பையின் இடுப்புவார்ப் பைக்குள் மறந்துபோன ஒரு சாக்லேட் உறைக்காக, வெறும் உறைதான், நல்ல பை ஒன்றில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஓட்டை போட்டுவிட்டது. உணவை மூடியிட்ட டப்பாவில் வையுங்கள், அல்லது கூரை உத்தரத்திலிருந்து கம்பியில் தொங்கவிடுங்கள். பல குடில்களில் அந்தக் கம்பியின் நடுவில் ஒரு தகரமூடி கோத்திருக்கும். கம்பி வழியே இறங்கும் எலி மூடியில் சறுக்கி விழுந்துவிடும். பையின் ஜிப்புகளைத் திறந்தே விடுங்கள். எலி உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், கடிக்கவேண்டியதில்லை.

கரடி உள்ள காட்டில் மீன் சுத்தம் செய்வதும் எச்சில் நீரைக் கொட்டுவதும் வாசலில் கூடாது. கரடி ஸ்பிரே ஆணியில் மாட்டியிருந்தால் பயனில்லை. கழிப்பறைக்குப் போகும்போதும் இடுப்பில் இருக்கவேண்டும்.

9. கழிப்பறை

குழிக் கழிப்பறை இருந்தால் அதில் போகவேண்டியவை இரண்டே: நம்முடையதும் காகிதமும். குப்பையும் சாப்பாட்டு மிச்சமும் போட்டால் குழி நிரம்பிவிடும், விலங்கும் வரும். கழிப்பறையே இல்லையென்றால் தண்ணீரிலிருந்தும் பாதையிலிருந்தும் 60 மீட்டர் விலகி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் தோண்டி மூடுங்கள்.

10. கூட யாராவது இருந்தால்

பகிரும் குடிலில் நனைந்து வருகிறவரை அடுப்பருகே விடுங்கள், சூடாக ஏதாவது கொடுங்கள்; அறிமுகம் பிறகு. சாமானை ஒரே மூலையில் ஒடுக்குங்கள். விடியலுக்கு முன் கிளம்புகிறவர் பையை முந்தைய இரவே கட்டிவிடவேண்டும். அதிகாலை நாலு மணிக்குப் பிளாஸ்டிக் பையைச் சரசரவென்று கசக்குகிறவரை எந்த மலையும் மன்னிக்காது.

11. கிளம்பும் காலை

ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். எரித்த அளவுக்கு விறகு பிளந்து உள்ளே அடுக்குங்கள். அடுப்பருகே ஒரு கைப்பிடிச் சுள்ளியும் காய்ந்த பட்டையும் தனியாக வையுங்கள். அடுத்து வருகிறவருக்குக் கை விறைத்திருக்கலாம், கோடாரி பிடிக்க முடியாமல் போகலாம். வாளியைக் கவிழ்த்து வையுங்கள். தண்ணீரோடு விட்டால் உறைந்து விரிசல் விடும். மெத்தை இருந்தால் சுவரோடு நிமிர்த்துங்கள், காற்றுப் படட்டும். மிச்ச உணவை 'யாருக்காவது உதவும்' என்று விட்டுப்போவது எலிக்குத்தான் உதவும். குப்பை முழுதும், அடுப்பில் பாதி எரிந்த அலுமினியத் தாள் உட்பட, உங்கள் பையில்.

நெருப்பு முற்றிலும் அணைந்ததா என்று பாருங்கள். பதிவேட்டில் புறப்பட்ட நேரத்தையும், உடைந்தது ஒழுகுவது ஏதாவது இருந்தால் அதையும் எழுதுங்கள். ஜன்னல் கொக்கி, கதவுத் தாழ். சாத்தியபின் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். காற்றில் திறந்துகொண்ட கதவு வழியே ஒரே இரவில் குடில் முழுக்கப் பனி நிறைந்துவிடும்.

சிக்னல் கிடைக்கும் முதல் இடத்தில் அந்த நண்பரைக் கூப்பிட்டு வந்துவிட்டேன் என்று சொல்லுங்கள். குளித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டுத் தூங்கிப்போனால், திங்கள் காலை எட்டு மணிக்கு அவர் கையில் நீங்கள் கொடுத்த தாள் இருக்கும்.